குறை சொன்னால் நன்றி கெட்டவர்களா?

அந்தக் குரல் பதிவு நம் ஊரின் எல்லாப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களையும் சுற்றி வந்துவிட்டது. நம் தோட்டத்துக்குப் போட்ட புதிய சாலையைப் பற்றிய கூட்டத்துக்குப் பிறகு பேசியது அது. யார் பேசியது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பதில் சொல்ல வந்தது ஒரே ஒரு வரிக்குத்தான். "சாலை போட்டுக் கொடுத்தாலும் குறை சொல்கிறார்கள், நன்றி கெட்ட சனம்." பேசாமல் இருந்துவிடத்தான் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

சாலை வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. சந்திப்பிலிருந்து கோயில் வரைக்கும், கோயிலிலிருந்து புதிய தாமான் (குடியிருப்பு) வரைக்கும் தார் போட்டதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். திறந்துவிட்ட அன்று மாலை வயதானவர்கள்கூட வெளியே வந்து நடந்து பார்த்தார்கள். அந்தப் படங்களை இந்தப் பக்கத்தில் போட்டதே நான்தான். ஆனால் விளக்குக் கம்பம் இல்லை, ஓரம் இல்லை, மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. இது கண்ணெதிரே இருக்கிற குறை. இருப்பதைச் சொன்னால் நன்றி கெட்டவர்களா?

தார் முடிகிற விளிம்பில் ஒரு முறை போய் நின்று பாருங்கள். அங்கிருந்து ஒரு சாண் ஆழத்துக்குச் செங்குத்தாக மண் இறங்குகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி பின்னால் வந்து ஹார்ன் அடித்தால் மோட்டாரில் போகிறவர் எங்கே ஒதுங்குவார்? ஒதுங்கினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும். திரும்ப ஏற்றப் பார்த்தால் ஆள் சாய்ந்து விழுவார், லோரியின் பக்கமாகவே விழுவார். நம் மலேசியாவில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். செம்பனை ஆலைக்கும், டவுனில் பாத்திரம் கழுவவும், பாதுகாவலர் வேலைக்கும் விடியற்காலை இருட்டில் போகிற நம் ஆட்கள் எதில் போகிறார்கள்? அதைச் சொன்னால் குறையா?

கடைசி லயத்து வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாலையை உயர்த்தியதில் வாசல்கள் எல்லாம் தாழ்ந்துவிட்டன. அங்கே இருக்கிற அக்கா ஒருவர் பத்து கிலோ அரிசிப் பைகளில் மண்ணை நிரப்பி, வாய்களை ரப்பியா (பிளாஸ்டிக் நார்) கயிற்றால் கட்டி, வாசற்படியில் இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். அப்படியும் பைகளின் இடுக்கு வழியாகச் செந்நிறத் தண்ணீர் கசிந்து வந்து சிமெண்டுத் தரையில் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. தீபாவளிக்கு வாங்கிய மெத்தையைத் தூக்கி மேசைமேல் வைத்திருக்கிறார். "கட்டம் கட்டமாகச் செய்வார்கள், பொறுமை வேண்டும்" என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் அந்த வீட்டில் போய் ஒரு மழை நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும். சாலைக்கு அடியில் பதிக்க வேண்டிய வடிகால் குழாயைத் தார் போடுவதற்கு முன்பேதான் பதிக்க வேண்டும். போட்டுவிட்டுத் தோண்டினால் இரட்டைச் செலவு. அந்தப் பணமும் நம் வரிப்பணம்தான்.

"யாரோ பாடுபட்டு வாங்கிக் கொடுத்தார்கள்" என்கிறார்கள். பாடுபட்டிருக்கலாம், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் இது யாருடைய தர்மமும் கிடையாது. மாநிலச் சாலைகளுக்குக் கூட்டரசு ஆண்டுதோறும் மானியம் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 109ஆவது விதியிலேயே இருக்கிறது. அந்தப் பணம் மாரிஸ் என்கிற மாநிலச் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான் வரும். நம்முடையது தோட்டத்துச் சாலை, தனியார் நிலம். அதனால்தான் இத்தனை காலம் ஒரு வண்டி கல்கூடக் கொட்டவில்லை. கூட்டத்தில் நாங்கள் கேட்டதும் இதைத்தான்: புதிய சாலை பதிவேட்டில் ஏறிவிட்டதா, நாளைக்குக் குழி விழுந்தால் யாரிடம் போவது? அதற்குத்தான் அன்று பதில் வரவில்லை, இந்தப் பட்டம் வந்தது.

குழி விழத்தான் போகிறது. சிவில் பொறியியல் படிக்கிற என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அச்சின் மேல் இருக்கிற சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வருகிற சேதம் ஏறக்குறைய 16 மடங்காகுமாம். குலை ஏற்றிப் போகிற அந்த லோரிகளைக் கேள்வி கேட்க ஆளில்லை, எங்களைக் கேட்க மட்டும் ஆள் இருக்கிறது.

இந்தச் சாலையின் பழைய கோலம் எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கு வெள்ளைக் காலணி. மழைக்காலத்தில் காலணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் நடப்போம். சந்திப்பில் இருந்த குழாயில் காலைக் கழுவி, சட்டைத் துணியிலேயே துடைத்து, காலணியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். அப்படியும் எங்காவது சிவப்புக் கறை பட்டுவிடும். டவுன் இடைநிலைப் பள்ளியில் அந்தக் கறைக்காக வெயிலில் நிற்க வைத்த ஆசிரியர் இருந்தார். "எஸ்டேட் பிள்ளைகள் அப்படித்தான்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். எங்களுக்கா இந்தத் தாரின் அருமை தெரியாது?

நன்றி சொல்வதற்கு எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ரப்பர் பால் வெட்டிய கையோடு வந்து, மாதக் கணக்காக உடைந்து கிடந்த குழாயை மாற்றிக் கொடுத்ததற்காக நிர்வாகியின் பங்களா வாசலில் கைகட்டி நின்றவர் என் அம்மா. அது தோட்டம் செய்ய வேண்டிய வேலை. கங்காணி சொன்னார், போய் நின்றார்கள். உழைத்து வாங்கிய கூலிக்கும் கும்பிடு போட்டார்கள். அந்த வழக்கம் எங்கள் தலைமுறையோடு ஒழிய வேண்டும் என்றுதான் எங்களைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பதிவில் பேசிய அண்ணே, உங்கள் அம்மாவும் அதே வரிசையில் நின்றவர்தான். வெளியாள் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நம் பையன்கள் இரவில் புதிய சாலையில் மோட்டார் பந்தயம் விடுகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், கண்டிக்க வேண்டியதுதான். அதற்காக விளக்கு கேட்கக்கூடாதா?

இன்னொருவர், "இது சின்ன விஷயம், பெரிதுபடுத்தாதீர்கள்" என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தார். 2025 மே 13 அன்று நம் வட்டாரத்தில், சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில், கல் ஏற்றிய லோரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் இறந்தார்கள். தெலுக் இந்தானில் நம் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள். அன்று ஊரே அழுதது. கனரக லோரியும் குறுகிய சாலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு இன்னும் யார் வந்து சொல்ல வேண்டும்? நம் பள்ளி வாசலில் பிள்ளைகள் கடக்கிற கோடுகூடப் போடவில்லை. சின்ன விஷயமாம்.

மனு தயாராகிவிட்டது. தெருவிளக்கு, சாலை ஓரத்தில் கல் நிரப்புதல், கடைசி லயத்துக்கு வடிகால், பள்ளி முன் வேகத்தடை, பதிவேட்டு எண்ணை எழுத்துமூலம் தருதல், இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்கள் அடையாள அட்டையோடு வந்து கையெழுத்துப் போடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தாளை வீட்டுக்கே எடுத்துவருகிறோம்.