எலியில் நின்றால் போதுமா?

"மூலிகைச் சாறு வயிற்றுப்போக்கை நிறுத்துவது எலிகளில் நிரூபணமாகிவிட்டது; இனி ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) வேண்டாம்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட.

அந்தச் சோதனையில் பட்டினி போட்ட எலிக்கு முதலில் சாறும், சுமார் ஒரு மணி நேரம் கழித்து, வயிற்றுப்போக்கை வரவழைக்க விளக்கெண்ணெயும் புகட்டுவார்கள். கூண்டுக்கடியில் விரித்த தாளில் விழும் ஈரக் கழிச்சலை 4 மணி நேரம் எண்ணுவார்கள். சாறு குடலசைவை மந்தப்படுத்தினாலே எண்ணிக்கை குறைந்துவிடும்; நீர் குடலுக்குள்ளேயே தேங்கியிருக்கலாம். குடலைத் திறந்து, உள்ளிருக்கும் நீரை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பல ஆய்வுகள் அதுவரை போவதில்லை. போதாததற்கு, விளக்கெண்ணெய் கிருமியல்ல. காலரா நச்சு வேலைசெய்யும் விதமே வேறு.

தாவர மருந்து உண்டு: குரோட்டன் லெக்லேரி மரத்தின் சிவப்புப் பாலிலிருந்து வரும் குரோஃபெலமர். 2012இல் அமெரிக்கா அனுமதித்தது, எச்ஐவி மருந்தெடுக்கும் பெரியவர்களின் தொற்றில்லாத வயிற்றுப்போக்குக்கு மட்டும். அதுவும் மனிதர்களிடம் சோதித்த பிறகே.

உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதை ஈடுகட்டுவது ஓஆர்எஸ். குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் துத்தநாகமும் சேர்த்து.