ஒப்பீட்டுப் பிழை: 2

ஓபன் சோர்ஸ் என்றதும் காசு மிச்சம் என்றுதான் பலரும் பேச ஆரம்பிக்கிறார்கள். பல துறைகள் பின்னிக் கிடக்கும் பொறியியல் டிசைனில் எனக்குக் காசு இரண்டாம்பட்சம். நிரலைத் திறந்து பார்க்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

விமான இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குவிசை இறக்கையை வளைக்கிறது. வளைந்ததும் வடிவம் மாறுகிறது, அதனால் தூக்குவிசையும் மாறுகிறது. ஏரோடைனமிக்ஸ் பார்ப்பவர் இழுவையை (காற்று பின்னுக்கு இழுக்கும் விசையை) குறைத்து முடித்துவிட்டு, அப்புறம் ஸ்ட்ரக்சர் பார்ப்பவரிடம் எடையைக் குறைக்கச் சொன்னால், இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்தும் நல்ல இறக்கை கைநழுவிப் போகலாம். நுனிப் பக்கம் சுமையைக் கொஞ்சம் குறைத்தால் இழுவை சற்றுக் கூடும். ஆனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வளைக்கும் விசை குறைந்து எடை இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் இந்தப் பேரம் கண்ணில் படும்.

இப்படிப் பல துறைக் கணக்குகளைச் சேர்த்துப் போடவென்றே நாசாவின் கிளென் ஆய்வு மையம் உருவாக்கிய ஓபன் சோர்ஸ் மென்பொருள் ஓபன்எம்டிஏஓ (OpenMDAO). பைத்தானில் எழுதப்பட்டது, யாரும் பயன்படுத்தித் திருத்தலாம் என்கிற அப்பாச்சி 2.0 உரிமம். சாண்டியா ஆய்வகத்தின் டகோட்டா, பிரான்சிலிருந்து வந்த ஜெம்சியோ என்று வேறு நல்ல கருவிகளும் உண்டு. நான் தினமும் புழங்குவது ஓபன்எம்டிஏஓவில்.

அதன் உயிர்நாடி டெரிவேட்டிவ், அதாவது ஒரு மாறியைத் துளி மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்கிற விகிதம். ஒவ்வொரு மாறியையும் துளி நகர்த்திப் பார்த்து டெரிவேட்டிவ் எடுத்தால், 100 மாறிகளுக்கு 101 முறை முழுக் கணக்கையும் ஓட்ட வேண்டும். ஒரு ஓட்டம் ஒரு மணி நேரம் என்றால் நான்கு நாளுக்கு மேல் போய்விடும், அதுவும் சிறந்த டிசைனைத் தேடும் ஆப்டிமைசர் ஒரே ஒரு அடி வைப்பதற்கு! விடையிலிருந்து பின்னோக்கிப் போய் எல்லா டெரிவேட்டிவையும் சேர்த்து எடுக்கும் அட்ஜாயின்ட் முறையில் மாறிகள் எத்தனை இருந்தாலும் செலவு பெரிதாக ஏறாது. மாடலின் ஒவ்வொரு துண்டும், அதாவது கம்போனென்ட்டும், தன் பகுதி டெரிவேட்டிவை மட்டும் கொடுத்தால் போதும், மொத்தத்தையும் ஓபன்எம்டிஏஓ கோத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பகுதி டெரிவேட்டிவே தப்பாக இருந்தால்?

முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் இறக்கை மாடல் ஒன்று தீர்வுக்கே வரவில்லை. தொடக்கப் புள்ளியை மாற்றிப் பாருங்கள் என்பதுதான் கிடைத்த பதில். இரண்டு வாரம் மாற்றிப் பார்த்தேன். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஓபன்எம்டிஏஓவில் அதே போல ஒரு சிக்கல். ஸ்பாரின் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கிய உத்தரத்தின்) தடிமன் கூடினால் தகைவு (அதற்குள் எழும் அழுத்தம்) குறைய வேண்டும். ஆப்டிமைசரோ தகைவைக் குறைக்கிறேன் என்று தடிமனைக் குறைத்துக்கொண்டே போய்க் கீழ் எல்லையில் முட்டி நின்றது. பகுதி டெரிவேட்டிவ்களைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினேன். நான் கொடுத்த டெரிவேட்டிவை, மாறியைத் துளி நகர்த்தி எடுத்ததோடு அது ஒப்பிடும்; வித்தியாசத்தை அந்த அளவால் வகுத்தால் ஒப்பீட்டுப் பிழை. எல்லா வரியிலும் ஒப்பீட்டுப் பிழை பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. ஒரே ஒரு வரியில் மட்டும் 2. அந்த 2 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அளவு சரி, குறி தலைகீழ். நான் எழுதிய கம்போனென்ட்டைத் திறந்தேன், ஒரு மைனஸ் விட்டுப்போயிருந்தது. பத்து நிமிட வேலை.

குறை இல்லாமல் இல்லை. பெரிய பதிப்பு மாறியபோது பழைய நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. முதல் சில வாரம் ஆவணங்களைப் படித்தே தலை சுற்றும். ஆனாலும் அந்த உழைப்பில் எனக்குப் புரிதல் மிஞ்சுகிறது. மூடிய பெட்டியோடு மல்லுக்கட்டிய இரண்டு வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மாடல்களை வெளியிடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிரலோடு அந்தச் சரிபார்ப்பு அட்டவணையையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்தவர் அதை நம்பித்தான் தன் கம்போனென்ட்டை உங்களுடையதோடு இணைக்கப் போகிறார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக இறக்கைக்குப் போக வேண்டாம். ஆவணத்திலேயே செல்லார் என்கிற பயிற்சிக் கணக்கு இருக்கிறது. ஒன்றையொன்று சார்ந்த இரண்டு சின்னச் சமன்பாடுகள்தான். அதைக் கையால் தட்டச்சு செய்து ஆப்டிமைசரோடு ஓட்டுங்கள், குறைந்தபட்ச விடை 3.183 வர வேண்டும். வராவிட்டால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.