மேஸ்திரியோட 'நாளைக்கு'
கடலூர் மஞ்சக்குப்பத்துல வாடகை வீடு, செம்மண்டலத்துல கட்டுற வீடு. தினம் சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்துட்டு வர்றோம்.

தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். குறைஞ்சது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுன்னா 10 நாளுக்கு மேல. எனக்கே தெரியுது, மேஸ்திரிக்குத் தெரியாதா? நேத்து ஏறிப் பார்த்தா தளம் அப்பளமா காய்ஞ்சு கிடக்கு! ஃபோன் போட்டா, "மோட்டார் ஓடலம்மா, நாளைக்கு."

கொஞ்ச தூரத்துல கடல். என்ன பிரயோஜனம்? உப்புத்தண்ணி பட்டா கம்பி துருப்பிடிச்சிடும். கடைசியில பக்கத்து வீட்டுக் குழாயில நான் பிடிக்க, இவரு குடத்தோட மாடி ஏற, 22 நடை. முட்டி இன்னும் வலிக்குதாம். இதுல "மழை வந்துடும் சார், கவலைப்படாதீங்க"ன்னு மேஸ்திரி ஆறுதல் வேற. கத்திரி வெயில்ல!