கடலுக்குப் போகும் மழைநீர் வீணா?

ஒவ்வொரு ஐப்பசியிலும் குடும்பக் குரூப்பில் சுற்றிவரும் செய்தி இது: 'அடையாற்றுத் தண்ணீர் கடலில் கலந்து வீணாகிறது, ஒரு சொட்டுகூட விடக்கூடாது!' சித்தப்பா மூன்று தடவை அனுப்பிவிட்டார்.

பாதிதான் சரி. ஏரியைத் தூர்வாராமல், தரையெல்லாம் சிமென்ட் போட்டுவிட்டுக் கோடையில் லாரிக்கு நிற்பது நம் தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்பது தவறு. சென்னையில் அடையாறு கடலில் சேரும் பட்டினப்பாக்கத்தில் போய்ப் பாருங்கள், கோடையில் அலை ஒதுக்கிய மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்துத் தோண்டுவார்கள், அந்த மணலைக் கடலுக்குத் தள்ளி முகத்துவாரத்தை அகலமாகத் திறப்பது ஆற்று வெள்ளம்தான். கழிமுகத்து மீனும் இறாலும் வாழ்வது நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில்.

நிலத்தடியிலும் இதே கதை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல வருடம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில், கடலை எதிர்த்துத் தள்ள வேண்டிய நன்னீரின் அழுத்தம் குறைந்து, உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று, வடகிழக்குப் பருவமழைக்கான ஈரம் பெரும்பாலும் வங்கக்கடலிலிருந்து ஆவியாகி வருவதுதானே சித்தப்பா!