நெயில் பாலிஷ் கறைக்குத் தின்னர் ஊற்றாதீர்கள்

"கார்பெட்டில் நெயில் பாலிஷ் கொட்டிவிட்டதா? தின்னரை ஊற்றி பிரஷால் தேயுங்கள், ஒரே நிமிடத்தில் போய்விடும்" என்று ஒரு தகவல் கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

தின்னர் பாலிஷைக் கரைக்கும், அது உண்மைதான். ஆனால் ஊற்றித் தேய்த்தால் கரைந்த சாயம் இழைகளுக்குள் இறங்கி, காசளவு கறை கையகலம் ஆகிவிடும். அடியில் இழைகளைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். அசிட்டோன் என்ற கரைப்பான் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் அப்படித்தான். கார்பெட் அசிடேட் என்ற செயற்கை இழையால் ஆனது என்றால் இழையையே கரைத்துவிடும். இவற்றின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஓசூர் குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, சாமி விளக்கும் எரிகிற வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

சரி, வேறென்ன செய்வது? ஈரமாக இருந்தால் ஸ்பூனால் வழித்தெடுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். அப்புறம் அசிட்டோன் இல்லாத ரிமூவரைத் துணியில் நனைத்து, முதலில் கட்டிலுக்கு அடியில் மறையும் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். கார்பெட்டின் நிறம் கழன்று வராவிட்டால், கறையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுங்கள். துணியில் நிறம் ஏற ஏற, சுத்தமான பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரால் ஒற்றி, ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள்.