போரிங்கா, போர்டா?

காலேஜ் முடிச்சு இன்டர்வியூக்கு ரெடியாகுற பசங்க கூட 'இன்ட்ரஸ்டட்'னு எழுத வேண்டிய இடத்துல 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்'னு எழுதுறாங்க, ஆனா பசங்கள குத்தம் சொல்ல மனசு வரல, சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி. அக்கா பையன் நோட்டுல 'ஐ ஆம் போரிங் ஆன் சண்டே'னு எழுதியிருக்கான், மிஸ் சிவப்பு மையில சுழிச்சு விட்டுட்டாங்க, ஏன்னு ஒரு வரி இல்ல. கிளாஸ் போரிங், அதுல உக்காந்திருக்குற நான் போர்ட். மேட்ச் எக்ஸைட்டிங், பாக்குற நாம எக்ஸைட்டட். அவ்ளோதாங்க! இதச் சொல்ல எவ்ளோ நேரம் ஆகப்போகுது? அத விட்டுட்டு 'போரிங்' மாதிரி வார்த்தை பிரசென்ட் பார்ட்டிசிபிள், 'போர்ட்' மாதிரி வார்த்தை பாஸ்ட் பார்ட்டிசிபிள்னு இலக்கணப் பேர மட்டும் மனப்பாடம் பண்ண வெச்சு மார்க்கும் போட்டுடறாங்க. கடைசில அந்தப் புள்ள இன்டர்வியூல 'நான் போரடிக்கிற ஆளு'ங்கற அர்த்தத்துல பேசிட்டு நிக்குது, எதிர்ல இருக்குறவங்க சிரிக்கிறாங்க. வயித்தெரிச்சலா இருக்கு.