தொட்டேன் சார்

ஞாயிற்றுக்கிழமை, எல்லா வயதினரும் ஆடும் ஓபன் செஸ் போட்டியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் ஊர் ரிட்டயர்டு கணக்கு சாரோடு ஆடிய ஒன்பது வயதுப் பையன் அழுகிற அந்த நாற்பது செகண்ட் வீடியோவை நேற்று ராத்திரி நான்காவது குரூப்பிலும் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. கீழே ஒருவர், "இந்தப் பெரிய மனுசனுக்கு வெட்கமா இல்லையா" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், "ஐம்பது வயசு தாண்டினவங்களை ஓபன்ல சேர்க்கவே கூடாது" என்கிறார். அதற்கு அறுபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். அதில் பத்துப் பேரையாவது எனக்கு நேரில் தெரியும். அவர்கள் பிள்ளைகளோடு நான் ஆடியிருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன்.

வீடியோ, பையன் அழுவதில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. நான் இரண்டு போர்டு தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் அவர்கள் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

நான்காவது ரவுண்டு. பையனுக்கு வெள்ளை. எஃப்3 என்ற கட்டத்தில் அவன் குதிரை. ஜி4-இல் சாருடைய பிஷப். குதிரைக்குப் பின்னால் டி1-இல் ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். பையன் குதிரையைத் தூக்கிவிட்டான். தூக்கி, கையில் வைத்துக்கொண்டே போர்டைப் பார்த்தான். அப்போதுதான் அந்த பிஷப் அவன் கண்ணில் பட்டது. முகம் மாறியது. மெதுவாக அதே கட்டத்தில் குதிரையைத் திரும்ப வைத்தான். எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். கிளாக்கை அமுக்கினான்.

சார் தன் காய் எதையும் தொடவில்லை. கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்பிட்டர், அதாவது நடுவர், வந்து குனிந்து, "தம்பி, குதிரையைத் தொட்டியாப்பா?" என்று கேட்டார்.

பையன் சொன்னான், "தொட்டேன் சார்."

ஒன்பது வயது. "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். வேறு சாட்சி கேட்டால் நான் ஒருவன்தான் இருந்தேன், அது அவனுக்குத் தெரியாது. "கட்டத்தில் நேராக வைத்தேன் சார்" என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்களே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இவன் தொட்டேன் என்றான். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பதால் சிப்பாயைத் திரும்ப வைத்துவிட்டுக் குதிரையை நகர்த்தினான், பிஷப் ராணியை எடுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதும் அவன் எழுந்து போகவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஏழெட்டு நகர்வு ஆடினான். அதற்குள் அவன் அப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "என்ன பெரியவரே, பேரன் வயசுப் பையன்கிட்ட இப்படித்தான் ஜெயிக்கணுமா?" அங்கிருந்துதான் யாரோ செல்போனைத் தூக்கியிருக்கிறார்கள்.

"தொட்டேன்" என்ற அந்த ஒரு வார்த்தையை யாரும் எழுதவில்லை. நான்கு குரூப்பிலும் தேடிப் பார்த்தேன். ஒருவர்கூட "பையன் உண்மையைச் சொன்னான்" என்று எழுதவில்லை. பையன் அழுதான், பெரியவர் அழவைத்தார், அவ்வளவுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்தப் பிள்ளை ராணியை இழந்தான். உண்மையைச் சொன்னதுதான் தப்பு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோமோ என்பதுதான் என் பயம்.

தொட்டால் ஆட வேண்டும். செஸ்ஸில் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. எட்டு வயதுப் பிரிவுக்கும் இதே விதி, உலக சாம்பியன்ஷிப்புக்கும் இதே விதி. காயைச் சரிசெய்ய வேண்டுமானால் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் சரிசெய்ய வேண்டும். எதிராளி தொட்டுவிட்டு மாற்றி ஆடினால், நம் காயைத் தொடுவதற்கு முன்னால் முறையிட வேண்டும், தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். சார் இதை எழுத்துப் பிசகாமல் செய்தார். சத்தம் போடவில்லை. பையனை ஒன்றும் சொல்லவில்லை.

"குழந்தைதானே, கண்டும் காணாமல் விட்டிருக்கலாமே" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-இல் வைத்தார். கையை எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. பாவம், நல்ல மனிதர். அவர் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று குகேஷ் விட்டிருக்க வேண்டுமா? அன்றைக்கு ராத்திரி இதே குரூப்களில் எல்லோரும் கொண்டாடினோம். நானும் அழுதேன். பதினெட்டு வயதுப் பையன் ஜெயித்தபோது விதி நன்றாக இருந்தது. ஒன்பது வயதுப் பையன் தோற்றால் விதி கொடுமையாகிவிடுமா?

இன்னொன்றும் இருக்கிறது. 1994-இல் லினாரஸ் போட்டியில் காஸ்பரோவ் ஒரு குதிரையைக் கட்டத்தில் வைத்துக் கை எடுத்துவிட்டு, அந்த நகர்வு மோசம் என்று தெரிந்ததும் மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். எதிரே பதினேழு வயது ஜூடித் போல்கார். உலக சாம்பியனுக்கு எதிராகக் கை தூக்கத் தயங்கினாள் அந்தப் பெண். தோற்றுப்போனாள். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இந்த விதி சின்னவர்களைப் பெரியவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் அதிகம் தேவைப்படுகிறது. இன்றைக்குக் குழந்தைக்காக நீங்கள் வளைத்தால், நாளைக்கு உங்கள் குழந்தைக்கு எதிரே தரப் புள்ளி அதிகமுள்ள ஒரு பெரிய ரேட்டிங்காரர் தொட்டுவிட்டு மாற்றி ஆடுவார். அப்போது கை தூக்க உங்கள் பிள்ளைக்குத் தைரியம் வருமா?

நான் சொந்த அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறேன். 1988-ஆம் வருடம். ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன வருடம், எங்கள் ஊரில்கூட எல்லாப் பையன்களும் போர்டு வாங்கினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட ஹாலில் ஓபன் போட்டி. எனக்கு எதிரே நைட் டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு நேராக வந்த ஒரு பஸ் கண்டக்டர். சட்டைப் பையில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் யானையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்தேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல், "தொட்டா ஆடணும் தம்பி" என்றார். ஆடினேன். தோற்றேன். குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தபோது அவர் வந்து ஒரு பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்துவிட்டு, பெஞ்சில் போர்டை விரித்து, யானை போன பிறகும் நான் டிரா செய்திருக்கக்கூடிய வழியைக் காட்டினார். அதன் பிறகு ஆறு வருடம், வாரத்துக்கு இரண்டு நாளாவது டிப்போவுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவரோடு ஆடினேன். எனக்குத் தெரிந்த செஸ்ஸில் பாதி அவர் போட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"அப்புறம் என்ன?"

அப்பாவுக்கு செஸ் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது.

"பரிசுப் பணத்துக்காக வந்துவிடுகிறார்கள்" என்றும் ஒரு பேச்சு. நுழைவுக் கட்டணம் 400 ரூபாய். பஸ், சாப்பாடு தனி. கடைசியில் சாருக்குக் கிடைத்திருக்கக்கூடியது பதினைந்தாவது பரிசோ என்னவோ. இதற்கு மேல் பதில் சொல்ல மனமில்லை.

பெரியவர்கள் பிள்ளைகளின் ரேட்டிங்கைக் கெடுக்கிறார்கள் என்பவர்களுக்கு மட்டும் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பேசுவதுதான் அதிகம். 18 வயது முடியும் ஆண்டு வரை, 2300-க்குக் கீழே இருந்தால், பிள்ளைகளுக்கு நீண்ட நேர ஆட்டமான கிளாசிக்கல் ரேட்டிங்கில் கே ஃபேக்டர், அதாவது ஒரு ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதை முடிவுசெய்யும் எண், 40. முப்பது ஆட்டம் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு 20. 1600-இல் இருக்கும் பெரியவர் 1400-இல் இருக்கும் பையனிடம் தோற்றால் அவருக்கு 15 புள்ளி போகும், பையனுக்கு 30 ஏறும். பெரியவர் ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது ஐந்து புள்ளிகூட இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆன்லைனில் தினமும் பயிற்சி எடுத்து ரேட்டிங்குக்கு மேலே ஆடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் புள்ளியைக் கொட்டிவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம். 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ரேட்டிங்கை ஏற்றிக்கொடுத்ததே கீழ்ப்பகுதி அவ்வளவு சரிந்துபோனதால்தான். எங்களால் ஒரு பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. எங்கள் தோளில் ஏறித்தான் மேலே போகிறார்கள். போகட்டும், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனந்த் எங்கே வளர்ந்தார்? சென்னையில், சோவியத் கலாச்சார மையத்தில் மேனுவல் ஆரோன் நடத்திய தால் செஸ் கிளப்பில். ஜெயித்தவர் போர்டிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சின்னப் பையன் என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1983-இல் தேசிய அணிகள் போட்டியில் மெட்ராஸ் கோல்ட்ஸ் அணிக்காக ஆடிய அதே பையன், ஒன்பது முறை தேசிய சாம்பியனான ஆரோனையே ஜெயித்தார். ஐம்பது தாண்டியவர்கள் வரக்கூடாது என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். அன்றைக்கு ஆரோனுக்கு வயது நாற்பத்தெட்டுக்குப் பக்கம்.

அந்த அப்பாவின் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம் இருக்கிறது, அதிகம் இல்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, மண்டப வாசலில் வெயிலில் நின்று, அவன் அழுவதைப் பார்ப்பது கஷ்டம்தான். என் மகள் ஆடிய காலத்தில் நானும் அப்படி நின்றவன். ஒருமுறை ஆர்பிட்டரிடம் கத்தியும் இருக்கிறேன், அன்றைக்குத் தப்பு என்னுடையது. ஆனால் கத்துவது வேறு, படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்புவது வேறு. அவர் கத்தியது அந்த நேரத்துக் கோபம். நீங்கள் மூன்று நாளாக உட்கார்ந்து பரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட்டாள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான். மாவட்ட அளவில் கோப்பை வாங்கிய எத்தனை பேர் இன்றைக்கு ஒரு போட்டிக்கு வருகிறார்கள்? கோப்பை ஷோகேஸில் இருக்கிறது, பிள்ளை டியூஷனில் இருக்கிறான். அப்புறம் ஹாலில் மிஞ்சுவது யார்? சார் மாதிரி ஆட்கள்தான். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். ரிட்டயர் ஆன பிறகு நூலகத்து வாசகர் அறையில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை யார் வந்தாலும் ஆட உட்காருகிறவர். காசு வாங்கியதில்லை. ஊர் அணி லீக் தொடங்கியபோது எங்களிடம் நான்கு டிஜிட்டல் கிளாக்தான் இருந்தது. பென்ஷன் பணத்தில் இரண்டு வாங்கிக்கொடுத்தவர் அவர். லீக் நாள் காலையில் எட்டு மணிக்கே வந்து டேபிளைத் துடைத்து, விரிப்பை விரித்து, ராணியை அதன் நிறத்துக் கட்டத்தில் வைத்துக்கொண்டு போவார். அந்த மனிதரைத்தான் "இந்த வயசில் குழந்தையை ஏமாற்றுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் பிள்ளைகளுக்கு எதிரி என்று இப்போது கமெண்ட் வரும். வரட்டும். எட்டு வயதுப் பிரிவு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று எல்லாப் போட்டியும் பிள்ளைகளுக்குத்தான் நடக்கிறது. நடக்கட்டும், நான்தான் பாதிப் போட்டிக்குப் போய் நாற்காலி போடுகிறேன். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ ஓபன் எங்களுக்கு மிஞ்சுகிறது. ஓபன் என்றால் எல்லோருக்கும் என்று அர்த்தம். அதிலும் எங்களை வாசலில் நிறுத்தினால் நாங்கள் எங்கே போவோம்? அப்புறம் உங்கள் பிள்ளை யாரோடு ஆடுவான்? தன் அகாடமிப் பிள்ளையோடும் செல்போனோடும் மட்டுமா?

புதன்கிழமை சாயங்காலம் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்தாவது ரவுண்டுக்கே உட்காராமல் எழுந்து வந்தவர், நூலகத்துக்கும் போகவில்லை. மேஜையில் போர்டு இருந்தது, காய்கள் டப்பாவில் இருந்தன. டீச்சரம்மா காபி கொடுத்துவிட்டு, "இவர் போனையே எடுக்க மாட்டேங்கிறார், நீங்களாவது சொல்லுங்க தம்பி" என்றார்கள். சார் வீடியோவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "அந்தப் பையன் அடுத்த ரவுண்டு ஆடினானா?"

ஆடினான், ஜெயித்தான் என்றேன்.

"பொய் சொல்லல பாத்தியா" என்றார். "நான் கை தூக்கும்போது, இவன் இல்லைன்னு சொல்லிட்டா விட்டுரலாம்னுதான் நினைச்சேன்."

லீக் பற்றிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முதல் ரவுண்டு. எங்கள் டீம் லிஸ்டில் இரண்டாம் போர்டுக்கு அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பையனின் அப்பா இதைப் படித்தால், பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போர்டை விரித்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்கலாம்.